மைக் செட்டில் ஒளிந்திருக்கும் கிதார் ஓசை

ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன்பு திருப்பதி கங்கம்மா ஜாத்திரையிலோ, சித்தூருக்கு அருகே காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் உற்சவத்திலோ குழாய் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டவர்களுக்கு அந்தப் பெட்டி நினைவிருக்கும். பந்தலின் ஓரத்தில், பெஞ்சின் மீது, கனத்த தகரப் பெட்டி. பின்பக்கத்துச் சல்லடை ஓட்டைகள் வழியே ஆரஞ்சு நிற வெளிச்சம் கசியும். தொட்டால் சுடும். தப்பான இடத்தில் தொட்டால் ஆளைத் தூக்கியடிக்கும். அதைக் காவல் காத்த மைக் செட்காரர் சிறுவர்களை அருகில் அண்டவிடாததற்குக் காரணம் கர்வம் மட்டுமல்ல.

அந்தப் பெட்டிதான் வால்வு ஆம்ப்ளிஃபயர். டிரான்சிஸ்டர் வந்தது, பெட்டி கிடங்குக்குப் போனது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கடிவாளம் போட்டன. மைக் செட் தொழிலின் பழைய மவுசு போயிற்று. கிடங்கைக் காலி செய்யும் வாரிசுகளுக்கு இது வெறும் இரும்பு. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் செம்பு இருக்கிறது என்பது பழைய சாமான் வியாபாரிக்குத் தெரியும். எடை போட்டு வாங்கி, உடைத்து, கம்பியை உருவிவிட்டால் கதை முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஊரில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கும் வாலிபர்கள் இதே மாதிரிப் பெட்டிக்காக ஏங்குகிறார்கள். வெளிநாட்டு வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் பேர்போன மாடல்களின் விலை இங்கே லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. சித்தூரில் கிதாருக்குப் பஞ்சமில்லை. 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் சித்தூரில் அந்தக் காலத்திலேயே காலூன்றியது. சர்ச் பாடகர் குழுக்களில் கிதார் சகஜம். கல்யாண வீடுகளுக்குப் போகும் மெல்லிசைக் குழுக்களிலும் அப்படித்தான். கர்நாடக மேடைகூட விலக்கல்ல. ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்த யு. ஸ்ரீனிவாஸ் மின் மாண்டலினைக் கொண்டு அந்த மேடையையே தன் வசமாக்கிக்கொண்டார். கம்பியின் ஓசைக்கும் ரசிகர் காதுக்கும் இடையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒரு வாத்தியம்தான் என்பதை மின் வாத்தியக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மைக் செட் ஆம்ப்ளிஃபயர் வேறு, கிதார் ஆம்ப்ளிஃபயர் வேறு அல்லவா என்று கேட்கலாம். வித்தியாசம் நினைக்கிற அளவுக்கு இல்லை. லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய கூட்டாளிகளும் 1962-இல் தங்கள் முதல் ஆம்ப்ளிஃபயரை உருவாக்கியபோது, அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் 'பாஸ்மேன்' சர்க்யூட்டை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிறகு அதே பெட்டியைப் பாடகர்களின் மைக்குக்கான ஆம்ப்ளிஃபயராகவும் விற்றார்கள். இந்தியாவில் 1940-இல் தொடங்கிய டில்லி அஹூஜா, காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துத் தந்த மோட்வானேயின் சிகாகோ ரேடியோ போன்ற பெயர்களைத் தாங்கிய பெட்டிகளுக்குள்ளும் இதே குடும்பத்து வால்வுகள்தான்.

வால்வுக்கு மட்டும் என்ன மவுசு? டிரான்சிஸ்டர் தன் சக்திக்கு மீறிய சத்தத்தைக் கேட்டால் அலையின் தலையைக் கத்தியால் வெட்டியதுபோல் நறுக்கிவிடும், காதுக்கு நாராசம். வால்வும் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கும். அந்த அமுக்கலில் பிறக்கும் உபரி ஸ்வரங்கள் மூல ஸ்வரத்தோடு ஒட்டிப் போகின்றன. மெதுவாக மீட்டினால் தெளிவு, ஓங்கி மீட்டினால் கரகரப்பு. கிதார்காரர் விரலாலேயே குரலை மாற்றலாம். சினிமாப் பாட்டைச் சுத்தமாகக் கேட்க விரும்புகிறவருக்கு இது குறை. கிதார்காரருக்கு இதுவே பிழைப்பு.

வாட் கணக்கில் ஏமாறக்கூடாது. பத்து வாட் பெட்டி ஐந்து வாட் பெட்டியைப் போல இரண்டு மடங்கு சத்தம் போடாது. சக்தி இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது ஒரு சிறிய படி. வீட்டுக்கும் சின்ன சர்ச்சுக்கும் ஐந்து வாட் தாராளம்.

ஐந்து வாட் என்றவுடன் நினைவுக்கு வரவேண்டியது மைக் செட் அல்ல, தாத்தா காலத்து வால்வு ரேடியோ. பிலிப்ஸ், மர்ஃபி, புஷ் என்று வீட்டுக்கு வீடு இருந்தவை. பல மாடல்களின் பின்புறத்தில் 'பிக்-அப்' என்று எழுதிய இரண்டு ஓட்டைகள் இருக்கும். கிராமபோன் இணைப்பதற்கான வாய் அது. எம்.எஸ்.ஸின் வெங்கடேச சுப்ரபாதம் 1963-இல் இசைத்தட்டாக வந்தபோது அந்த ஓட்டைகளின் வழியாக ரேடியோவுக்குள் நுழைந்து ஒலித்த வீடுகள் ஏராளம். கிதாரையும் அதே வழியில் நுழைக்கலாம்; கிதாரின் சிக்னல் பலவீனமானது என்பதால் முன்னால் ஒரு சிறிய ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும்.

ஆனால் எல்லா ரேடியோவையும் தொடக்கூடாது. இங்கேதான் உயிர் விஷயம் வருகிறது. டி.சி. மின்சாரம் இருந்த ஊர்களுக்காகவும் விலையைக் குறைப்பதற்காகவும் 'ஏ.சி./டி.சி.' ரேடியோக்கள் செய்யப்பட்டன. இவற்றில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் ஒரு கம்பி நேராக ரேடியோவின் உலோகச் சட்டத்தில் இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுக்க 230 வோல்ட். கிதாரின் கம்பிகள் அந்தச் சட்டத்தோடு இணைகின்றன; கம்பியைப் பிடித்திருப்பது வாசிப்பவரின் கை.

அடையாளம் காண்பது சுலபம். வால்வின் பெயரைப் படித்தால் போதும். ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து ஹீட்டரைக் குறிக்கும். 'ஈ' என்றால் 6.3 வோல்ட், பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட். 'யு' என்றால் வால்வுகளைத் தொடராகக் கோத்து நேரடியாக மெயின்ஸில் ஓட்டும் செட். யுசிஎச்81, யுசிஎல்82, யுஒய்85 என்று வரிசையாக இருந்தால் அந்த ரேடியோவை அலமாரியில் அழகுக்கு வைத்துவிட வேண்டும். ஈசிஎல்82, ஈஎல்84, ஈஇசட்81 என்றிருந்தால் மேலே பேசலாம். அப்போதும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா, மெயின்ஸ் கம்பி எதுவும் சட்டத்தைத் தொடாமல் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லப்படும் கதையல்ல இது. 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ நகர மேடையில் 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். ரசிகர்கள் கண்ணெதிரே இறந்தார். 1976 மே மாதம் 'யார்ட்பேர்ட்ஸ்' பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே எர்த் இல்லாத கிதார் இணைப்புக்குப் பலியானார். வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர் முதல் செலவைச் செய்யவேண்டியது மூன்று பின் பிளக்குக்கும் மூன்று கம்பி வயருக்கும்தான். மூன்றாவது கம்பி பெட்டியின் உலோகச் சட்டத்தில் இறுக்கமாக போல்ட் செய்யப்பட வேண்டும். பழைய அமெரிக்கப் பெட்டிகளில் மெயின்ஸுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயர் 'மரண கெப்பாசிட்டர்'. அதை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

இதற்கும் முன்னால் சுவரைப் பார்க்க வேண்டும். மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருப்பதாக அர்த்தமில்லை. மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லாத வீடுகள் நம் ஊரில் கொஞ்ச நஞ்சமல்ல. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த் கம்பி நிலத்துக்குள் உண்மையிலேயே போகிறதா என்று பார்க்கச் சொல்வது கௌரவக் குறைச்சல் அல்ல.

இனி வாங்கும் படலம். விற்பவர் பிளக்கைச் சொருகி, "பாருங்க சார், லைட் எரியுது, ஓடுற சாமான்" என்பார். அதைத்தான் அவர் செய்யக்கூடாது. பல வருடம் தூங்கிய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். முழு வோல்டேஜ் ஒரே அடியாகப் பாய்ந்தால் அவை வெடிக்கும். கூடவே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். மின்சாரம் கொடுக்காமலேயே பார்க்கவேண்டியவை இருக்கின்றன. வால்வு போயிருந்தால் வேறு வாங்கிப் போடலாம், கெப்பாசிட்டர் சில்லறைச் செலவு. டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் பெட்டிக்கு மரியாதை இல்லை. எனவே ஒரு மல்ட்டிமீட்டரோடு போவது நல்லது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிச் சுற்றில் தொடர்ச்சி இருக்கிறதா? இரண்டு பெரிய வால்வுகள் உள்ள பெட்டியென்றால் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே ஓம் காட்டுகிறதா? ஒரு பக்கம் முடிவிலி காட்டினால் விலையைக் குறைக்கக் கேட்பதைவிடக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புவது உத்தமம். மூக்கையும் பயன்படுத்தலாம். எரிந்த வார்னிஷ் நாற்றம் வருடக்கணக்கில் போகாது.

பின்புறத்தில் 100 வோல்ட் என்று ஒரு முனை இருந்தால் குழம்பவேண்டாம். அது நீண்ட வயரில் பல குழாய் ஸ்பீக்கர்களை ஓட்டுவதற்கானது. கிதாருக்கு வேண்டியது பக்கத்திலிருக்கும் 4, 8, 16 ஓம் முனைகள். குழாய் ஸ்பீக்கர் கிதாருக்கு ஆகாது. மரப்பெட்டியில் பொருத்திய 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் வேண்டும். அதன் ஓம் எண்ணும் முனையின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டவே கூடாது. போக இடமில்லாத சக்தி டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே பொறியாகப் பாய்ந்து காப்பைத் துளைத்துவிடும். டிரான்சிஸ்டர் பெட்டியில் பழகியவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் முதல் மின்சாரம் சீரீஸ் பல்ப் வழியாகத்தான். நம் ரேடியோ மெக்கானிக்குகளின் மேஜையில் எப்போதும் இருந்த எளிய ஞானம் அது. பெட்டிக்கு வரும் ஒரு கம்பியை 60 அல்லது 100 வாட் குண்டு பல்ப் வழியாகக் கொண்டுவர வேண்டும். பல்ப் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பெட்டிக்குப் பதில் பல்ப் சுமையைத் தாங்கிக்கொண்டது என்று அர்த்தம். எல்.இ.டி. பல்ப் இந்த வேலைக்கு உதவாது. குண்டு பல்பைத் தேடிப் பிடிப்பதே இப்போது தனி வேலை.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300, 400 வோல்ட் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது வீரம் அல்ல. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட வயரில் கட்டி, அதன் வழியாக வடியவிட்டு, மீட்டரில் வைத்துப் பார்த்த பிறகே கையை விட வேண்டும். அப்போதும் ஒரு கை சட்டைப் பையில் இருப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் வழியில் இருப்பது இதயம். இதற்கெல்லாம் பழக்கமில்லாதவர், பெட்டியைத் திறக்காமல் வால்வு தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே சரி. சித்தூரிலிருந்து ஒரு பக்கம் சென்னை ரிச்சி தெரு, இன்னொரு பக்கம் பெங்களூர் எஸ்.பி. ரோடு, இரண்டும் பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.

நம் மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள். கிடைத்ததை வைத்துச் செட்டை ஓடவைப்பார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் தழும்புகளைப் பழைய பெட்டிக்குள் தேடிப் பார்க்க வேண்டும். ரெக்டிஃபயர் வால்வு கிடைக்காத காலத்தில் அதை எடுத்துவிட்டு இரண்டு பிஒய்127 டையோடுகளை வைத்திருப்பார்கள். வேலை நடக்கும். ஆனால் டையோடில் வோல்டேஜ் இழப்பு மிகக் குறைவு என்பதால் மற்ற வால்வுகளுக்குப் போகும் வோல்டேஜ் ஏறிவிடும். அதுவும் அவை சூடாவதற்கு முன்பே பாயும். இன்னொன்று, ஈஎல்34 இருந்த இடத்தில் 6எல்6 வைத்திருப்பது. சாக்கெட் ஒன்றுதான், உட்காரும். பயாஸ் ஒன்றல்ல. மறுபடியும் ஈஎல்34 வாங்கிச் சொருகும்போது அதன் ஒன்றாம் பின் எட்டாம் பின்னோடு இணைந்திருக்கிறதா என்று பார்க்காவிட்டால் புது வால்வு வாங்கிய காசு வீண்.

மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரில் 200, 220, 240 என்று வோல்டேஜ் தேர்வு முனைகள் இருக்கும். சாயங்காலமானால் மின்சாரம் சோம்பும் ஊர்களில் செட் நன்றாகக் கத்தவேண்டும் என்று 200-இல் வைப்பது அந்தக் கால உபாயம். இன்று 230-க்கு மேல் வரும் இடத்தில் அதே முனையில் விட்டால் ஹீட்டர் முதல் கெப்பாசிட்டர் வரை எல்லாமே அளவுக்கு மீறி வேகும். மாற்றுவதற்கு ஒரு நிமிடம். மாற்றாவிட்டால் வால்வின் ஆயுள் போகும்.

பராமரிப்பில் முதல் வேலை, மெழுகும் காகிதமும் கொண்ட பழைய கப்ளிங் கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டு 630 வோல்ட் பாலியெஸ்டர் வைப்பது. பழையது கசிந்தால் பெரிய வால்வின் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும். வால்வுக்குள் இருக்கும் சாம்பல் நிறத் தகடு செர்ரிப்பழம்போல் சிவக்கும். சிவப்பைக் கண்டால் உடனே அணைக்க வேண்டும். இரைச்சலுக்கும் இலக்கணம் உண்டு. கனமான தாழ்ந்த 'ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் ஓசை என்றால் எர்த்தையும் ஹீட்டர் வயரையும் பார்க்க வேண்டும். ஒரு ஸ்தாயி மேலே 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. பென்சிலால் வால்வைத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணியோசை கேட்டால் அந்த வால்வு முன் வரிசைக்கு லாயக்கில்லை. வால்யூம் திருகும்போது கரகரத்தால் அதைச் சுத்தம் செய்யும் திரவம் தெளித்து இருபது முறை திருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெரிய வால்வு அளவோடு உழைக்கிறதா என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். ஈஎல்84-இன் கேத்தோடில் 135 ஓம் ரெசிஸ்டர், அதன் குறுக்கே 7.3 வோல்ட் என்றால் ஓடுவது 54 மில்லி ஆம்பியர். அதில் ஐந்தரை ஸ்கிரீனுக்குப் போய்விடும். மீதி 48.5 மில்லி ஆம்பியரை, கேத்தோடுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள 250 வோல்ட்டால் பெருக்கினால் 12 வாட். அந்த வால்வின் உச்ச வரம்பும் அதுவே. 15 வாட் என்று விடை வந்தால் ரெசிஸ்டரை மாற்றாமல் வாசிக்க உட்காரக்கூடாது.

வால்வு எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குப் பழைய பதில் பெங்களூர். 1954-இல் அங்கே நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வுகளையும் செய்தது. பெல் முத்திரை பதித்த ஈசிசி83, ஈஎல்84 வால்வுகளுக்கு வெளிநாட்டு கிதார்காரர்களிடையேகூட விசுவாசிகள் உண்டு. அந்தத் தயாரிப்பு நின்று வெகுகாலமாகிவிட்டது. இப்போது புது வால்வு வருவது முக்கியமாக ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனாவிலிருந்து. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது உலகமெங்கும் கிதார்காரர்கள் வால்வுகளை வாங்கிப் பதுக்கினார்கள், விலை ஏறியது. அதே 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி பிரிந்து தனி மாவட்டமானது. இரு பக்கமும் எந்தக் கிடங்கில் எத்தனை பெல் வால்வுகள் அட்டைப்பெட்டியோடு கிடக்கின்றன என்ற கணக்கு யாரிடமும் இல்லை. மைக் செட் கடைகளில் ஆம்ப்ளிஃபயரை விசாரிக்கும்போதே மேஜை டிராயரில் கிடக்கும் வால்வுகளையும் விசாரிப்பது புத்திசாலித்தனம். முன் வரிசை வால்வுகள் பல வருடம் உழைக்கும். சீக்கிரம் தேய்வது கடைசி வரிசைதான். ஆகவே கையில் ஒரு ஜோடி ஈஎல்84 இருந்தால் போதும், பத்து ஜோடி வேண்டாம்.

வேலை முடிந்து மூடியைத் திருகுவதற்கு முன், எந்த வால்வில் எத்தனை வோல்ட், எந்தக் கெப்பாசிட்டர் எந்தத் தேதியில் மாற்றியது, எந்த மெயின்ஸ் முனை என்று ஒரு தாளில் எழுதி உள்பக்கம் ஒட்டிவிட வேண்டும். பென்சிலில் எழுதுவது நல்லது. அந்தச் சூட்டில் மை வெளிறிவிடும்.